பங்காளிகளின் தாகம்

எனக்குத் தவளக்குப்பத்தில், கடலூர் ரோட்டின் மேலேயே ஒரு கடை. பைப், குழாய், மோட்டார், மொட்டை மாடியில் ஏற்றுகிற கறுப்புத் தொட்டி என்று எல்லாமே தண்ணீர்ச் சாமான். அப்பா காலத்தில் ஆரம்பித்தது. சுற்றுப்பட்டு ஊர்களில் பல வீடுகளுக்குத் தண்ணீர் எங்கள் கடைக் குழாய் வழியாகத்தான் போகிறது. சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போன பிறகு, எனக்கு மட்டும் ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் என்று டாக்டர் அளவு போட்டுவிட்டார். முறுக்குக் கடைக்காரனுக்குப் பல் விழுந்த கதைதான்.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவனைப் பார்த்தால் எல்லோரும் ஊசியைப் பற்றித்தான் கேட்பார்கள். வலிக்குமா, எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு செலவு. ஊசியெல்லாம் ஒன்றுமே இல்லை. குத்தும்போது பல்லைக் கடித்துக்கொண்டால் போதும். தாகத்துக்குப் பல்லைக் கடித்துப் பாருங்கள், அப்போது தெரியும். உள்ளே போகிற தண்ணீர் வெளியே போக வழியில்லை. அது நுரையீரல்வரை ஏறி மூச்சை அடைக்கும். மெஷின்தான் அதை உறிஞ்சி எடுக்க வேண்டும், அதுவரை தாங்க வேண்டும் என்பதற்காகத்தான் அளவு. இந்த நியாயமெல்லாம் மூளைக்குப் புரியும், நாக்குக்குப் புரியாது. கத்திரி வெயிலில் கல்லாவில் உட்கார்ந்திருப்பேன். சாமான் வாங்க வந்தவர் பாட்டிலை அண்ணாந்து மடக் மடக்கென்று குடிப்பார். அவருடைய தொண்டைக்குழி ஏறி இறங்குவதைத் தவிர என் கண்ணுக்கு வேறெதுவும் தெரியாது. முக்கால் இன்ச் கேட்டவருக்கு ஒன்றரை இன்ச் பைப்பை அறுத்துக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டில் என் மனைவி போலீஸ் வேலை பார்க்கிறாள். நான் பல் துலக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "துப்புற சத்தம் கேக்கல?" என்பாள். அவளைத் திட்டியிருக்கிறேன். திட்டிவிட்டுத் துப்பியிருக்கிறேன்.

டயாலிசிஸ் வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டில்காரர் சோரியாங்குப்பத்து விவசாயி. ஆற்றோரமாக நெல்லும் கரும்பும் வைத்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் என்பதால் நான் அண்ணா என்பேன். அவர் என்னை மொதலாளி என்பார், கிண்டலுக்குத்தான். மெஷினில் படுக்குமுன் ஒவ்வொரு தடவையும் எங்களை எடை போடுவார்கள். திருட்டுத்தனமாகக் குடித்த தண்ணீரை அந்தத் தராசு காட்டிக் கொடுத்துவிடும். "இன்னா ஐயா, இவ்ளோ ஏத்தினு வந்துருக்கீங்க, பாகூர் ஏரிய குடிச்சிட்டீங்களா?" என்பார் டெக்னீஷியன். நானாக இருந்தால் தலையைக் குனிந்துகொள்வேன். அண்ணன் குனிய மாட்டார். "ஏரியில தண்ணி ஏதுபா? இருந்தா குடிக்க மாட்டனா?" என்று சொல்லிவிட்டுக் கம்பீரமாகப் போய்ப் படுத்துக்கொள்வார்.

ஆனால் படுத்த பிறகு, திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் என்னிடம் மட்டும் ஒன்று சொல்வார். "என்னால முடியல மொதலாளி. ஊசி குத்தட்டும், கைய வெட்டட்டும், இந்த நாவறட்சிதான் முடியல. ஒரு நாளு இத்த வுட்டுட்டு வூட்லயே குந்திக்கப் போறேன்." விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான், "சும்மா இருங்கணா" என்பேன். அதைத் தவிர வேறென்ன சொல்ல?

அந்தச் சமயத்தில்தான் வெளியூரிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. ஒரு பெரிய டாக்டர், அவருக்குக் கீழே வேலை பார்க்கிற ஓர் இளம்பெண். வார்டில் நன்றாகப் பேசுகிற நோயாளிகளாகப் பார்த்து ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். "இத்தனை நாளும் நோயாளிகளை வெச்சு ஆராய்ச்சி பண்ணினோம். இனிமே நோயாளிகளோட சேர்ந்து பண்ணப் போறோம். எதை ஆராயணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார் டாக்டர். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்பார்கள். என் புத்தி அன்று கடையிலேயே தங்கிவிட்டது போலிருக்கிறது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தப் பெண் ஆளுக்கொரு அட்டையைக் கழுத்தில் மாட்டினாள். 'நோயாளிப் பங்காளி' என்று அச்சடித்திருந்தது. அண்ணன் அதைக் கண்ணருகே கொண்டுபோய் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இன்னா பாப்பா இது, பங்காளின்னு போட்டுருக்க?"

"பார்ட்னர்னு அர்த்தம் ஐயா. இதுல நாம எல்லாரும் சமம்."

"எனுக்கு ஏற்கெனவே மூணு பங்காளி இருக்கானுவ. மூணு பேரு மேலயும் வரப்புக் கேசு நடக்குது. இப்ப நீயும் வந்துட்டியா?"

அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள். பட்டணத்தில் வளர்ந்த பிள்ளை. அந்தச் சொல் அவளுக்கு அகராதியிலிருந்து வந்தது, எங்களுக்கு வயிற்றெரிச்சலிலிருந்து வந்தது. பங்காளி என்றால் ஒரே பாட்டன் சொத்தில் பங்குள்ள அண்ணன் தம்பி வகையறா. சொத்தில் எப்படிப் பங்கோ அப்படியே சாவிலும் பங்கு. கல்யாணத்துக்கு வராமல் இருந்துவிடலாம், ஆனால் தீட்டுக் காத்துக் கருமாதியில் தலையை மழித்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்து வெட்டவேண்டும் என்று பழமொழியே இருக்கிறது.

"அப்ப பங்குதாரர்னு மாத்தட்டுமா சார்?" என்று என்னிடம் கேட்டாள்.

நான் வியாபாரி. சும்மா விடுவேனா? "பங்குதாரர்னா லாப நட்டம் ரெண்டுலயும் பங்கு உண்டும்மா. நட்டம் நாங்க படுறோம். லாபம் யாருக்குன்னு சொல்லு, மாத்திக்கலாம்."

"கூட்டாளி?"

"அது திருடப் போறவனுவ சொல்லிக்கிறது" என்றார் அண்ணன்.

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெரிய டாக்டர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் அண்ணன்தான் முடித்து வைத்தார். "பங்காளியே இருந்துட்டுப் போவட்டும் பாப்பா. பங்காளின்னா சண்டயாவது போடலாம்."

பிறகு எதை ஆராய வேண்டும் என்ற பேச்சு வந்தது. ஒருவர் பஸ் வசதி என்றார், ஒருவர் தூக்கம் வரவில்லை என்றார். அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். "தாகம் பாப்பா. தாகத்துக்கு ஒரு வழி கண்டுபுடி. மாத்திரையோ, மெஷின்ல எதுனா மாத்தறதோ, எனுக்குத் தெரியாது, நீங்க படிச்சவங்க. குடிக்காதன்னு சொல்ல ஊர்ப்பட்ட பேரு இருக்காங்க. குடிக்கணும்னு தோணாம பண்றதுக்கு ஒருத்தரும் இல்ல." அவர் உட்கார்ந்தபோது எல்லோரும் அதையேதான் சொல்ல வந்தோம் என்பதுபோல் தலையாட்டினோம். டாக்டரும் ஆட்டினார். அந்தப் பெண் விடாமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் அண்ணன் என் தோளில் கை போட்டார். "எழுதிக்கிச்சு பாத்தியா மொதலாளி?" என்று மறுபடி மறுபடி கேட்டார். ஆராய்ச்சி முடிகிறவரை எப்படியாவது தாங்கிக்கொள்வது என்று தீர்மானம் செய்துவிட்டார். நீராகாரத்தை விட்டார். ஐஸ் துண்டைத் துணியில் கட்டி உறிஞ்சிக்கொண்டு வயலில் நின்றார். தராசில் எடை குறைந்தது. டெக்னீஷியன் பாராட்டியபோது, "நாங்க ஆராய்ச்சி பண்றோம்ல" என்றார். நிறுத்திவிடப் போகிறேன் என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. அந்த மாதங்களில்தான் அவரை நான் உற்சாகமாகப் பார்த்தேன்.

இரண்டாம் கூட்டத்துக்கு ஏசி அறை. மேஜைமேல் ஆளுக்கொரு சமோசா, ஒரு கேக், ஒரு தண்ணீர் பாட்டில். குளிர்ந்த பாட்டில், மேலெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது. இரண்டு டம்ளர்காரர்களுக்கு முன்னால் முழு பாட்டிலைக் கொண்டுவந்து வைக்க எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ தெரியவில்லை. நாங்கள் அதைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடுபட்டோம்.

இந்த முறை பெரிய டாக்டர் வரவில்லை. அந்தப் பெண் மட்டும் வந்தாள். தயாராகிவிட்ட கேள்விகளை வாசித்துக் காட்டி எங்கள் ஒப்புதலை வாங்க வேண்டுமாம். வாசித்தாள்.

"சென்ற வாரம் எத்தனை முறை அளவை மீறித் தண்ணீர் குடித்தீர்கள்? குடிக்கக் கூடாது என்று தெரிந்தும் குடித்ததற்குக் காரணம் என்ன? மறதியா, அலட்சியமா, அறியாமையா?"

அப்படியே போயிற்று. ஆராய்ச்சியின் பெயரையும் சொன்னாள். தண்ணீர்க் கட்டுப்பாட்டை மீறுகிற நோயாளிகளைத் தினமும் காலையில் போனில் கூப்பிட்டு நினைவூட்டினால் மீறல் குறைகிறதா என்று பார்ப்பதாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுகூடச் சரியில்லை. பிள்ளையார் பிடிக்கக் களிமண் கொடுத்தவனையே குரங்கு என்று எழுதிவிட்டார்கள்.

"பாப்பா," என்றார் அண்ணன். குரல் உயரவில்லை. "நாங்க இன்னா சொன்னோம், நீ இன்னா எழுதினு வந்துருக்க?"

"நீங்க சொன்ன தாகத்தை வெச்சுத்தான் ஐயா ஆரம்பிச்சோம். ஆனா தாகத்தை அளக்குறது கஷ்டம். எடையை அளக்கலாம். அதனால..."

"அளக்க முடியலன்னா அது இல்லன்னு ஆயிடுமா?"

அவள் கேள்வித்தாளைப் புரட்டினாள். நான் விடவில்லை. "இந்தக் கேள்விய இனிமே மாத்த முடியுமாம்மா?" என்று கேட்டேன். மேலிடத்தில் ஏற்கெனவே அனுமதி வாங்கியாகிவிட்டது, போனில் பேசுவதற்குத்தான் பணம் கொடுத்திருக்கிறார்கள் என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜையைத் தட்டிவிட்டேன். "அப்புறம் எங்கள எதுக்கும்மா கூப்ட்டீங்க?"

"நோயாளிங்க பங்கேற்பு இருக்கணும்னு ரூல் சார்" என்றாள். சொல்லும்போது அவள் கண் கலங்கியது. கெட்ட பெண் இல்லை. அவளுக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். ஆனால் அவள் கலங்கியதை வைத்து நாங்கள் என்ன செய்வது?

கடைசியில் ஒரே ஒரு கேள்வியாவது சேர்க்கச் சொன்னேன். உங்களுக்குத் தாகம் எப்படி இருக்கிறது என்று, அவ்வளவுதான். கேட்டுப் பார்க்கிறேன் என்று போனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்து, கேள்விகள் ஏற்கெனவே நீளமாக இருக்கின்றனவாம் என்றாள்.

அண்ணன் தன் முன்னால் இருந்த பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகினார். அண்ணாந்து, ஒரு சொட்டு கீழே சிந்தாமல், கடைசிவரை குடித்தார். நோயாளிகள் அத்தனை பேரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். காலி பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டு, "அலட்சியம்னு எழுதிக்க பாப்பா" என்றார்.

அதற்கடுத்த டயாலிசிஸுக்கு அவர் வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் வேறு யாரையோ படுக்க வைத்தார்கள். அதற்கடுத்த முறையும் வரவில்லை என்றதும் அவர் மனைவி எனக்கு போன் செய்தாள். "ணா, ஆஸ்பத்திரியே வேணாங்குறாரு. நீங்க வந்து சொன்னா கேப்பாரு." கடையை என் மனைவியிடம் விட்டுவிட்டு சோரியாங்குப்பத்துக்குப் போனேன்.

மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில், வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கிக் கண் சிறுத்துப் போயிருந்தது. பேசும்போது நடுநடுவே மூச்சு வாங்கியது. பக்கத்தில் ஒரு சொம்பு. குழாயிலிருந்து தண்ணீர் தடதடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. என் கடையில் வாங்கிய குழாய்தான்.

"கெளம்புங்கணா. இப்பவே போனா மெஷின்ல போட்டுருவாங்க."

"போட்டா?"

"மூச்சு சரியாயிடும்."

"அப்புறம் மறுபடியும் ரெண்டு டம்ளரா?" என்று சிரித்தார். "நெல்லுக்கு ஊத்துனேன், கரும்புக்கு ஊத்துனேன். அதுங்களுக்கு எவனும் அளவு போடல. ஒருத்தன் வழி கண்டுபுடிக்கிறேன்னான், நம்பினேன். அவனே இல்லன்னுட்டான். இனிமே எதுக்கு மொதலாளி?"

"அண்ணிய நெனச்சுப் பாருங்க."

"நெனச்சுதான் இத்தினி நாளு தாங்குனேன்."

தேடி வந்த ஆளுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது வழக்கமில்லையா, அவர் மனைவி பழக்கதோஷத்தில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டிவிட்டாள். நீட்டிய பிறகுதான் நானும் அதே நோய்க்காரன் என்பது நினைவுக்கு வந்து கையை இழுக்கப் பார்த்தாள். நான் வாங்கிக்கொண்டேன். ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். மீதித் தண்ணீரை அண்ணன் வாங்கிக் குடித்தார். அவரை அழைத்துக்கொண்டு போக வந்தவன் நான். ஆனால் அவர் குடிப்பதைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

ஓரிரு நாளில் போய்விட்டார். படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே போனாராம். எடுத்த நேரத்தில் நான் மெஷினில் கிடந்தேன். பாதியில் பிடுங்கிக்கொண்டு எழ முடியாது. கருமாதிக்குப் போனேன். அவருடைய பங்காளிகள் மூன்று பேரும் வந்திருந்தார்கள். கேசு ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, வரிசையாக உட்கார்ந்து தலையைக் கொடுத்தார்கள். ஆராய்ச்சிக் குழுவிலிருந்து யாரும் வரவில்லை. வரவேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவும் நியாயமில்லை.

அதற்குள் வார்டில் எண் கொடுத்திருந்த எல்லோருக்கும் அந்தக் காலை போன் ஆரம்பித்திருந்தது. பதிவு செய்த குரல், அந்தப் பெண்ணுடையதேதான். 'வணக்கம். இன்று உங்கள் தண்ணீரை அளவோடு குடியுங்கள். உங்கள் உயிர் உங்கள் கையில்.' கடை திறக்கிற நேரத்துக்கு எனக்கு வரும். கேட்காமல் வைத்துவிடுவேன்.

கருமாதி முடிந்து சில நாள் கழித்து அண்ணன் மனைவி கூப்பிட்டாள். அழுதுகொண்டே பேசினாள். "ணா, தெனம் காலயில அவரு போனுக்கு ஒரு பொண்ணு பேசுது. தண்ணிய அளவா குடிங்க, அளவா குடிங்கன்னு. படத்துக்கு முன்னால சொம்புல தண்ணி வெச்சுட்டு நிமிந்தா, போனு அடிக்குது. அத்த நிறுத்தச் சொல்லுங்கணா. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

நான் உடனே அந்தப் பெண்ணுக்கு போன் செய்தேன். விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவர் இறப்பதற்கு முன்பே டயாலிசிஸை நிறுத்திவிட்டதால், நிறுத்திய காரணத்தைப் போட்டால்தான் கம்ப்யூட்டர் அவர் பெயரை எடுத்துவிட்டு போனை நிறுத்தும் என்றாள்.

"ஏன் நிறுத்தினாரு சார்?"

"உனக்குத் தெரியாதாம்மா? தாகம்."

மெதுவாகச் சொன்னாள். "அது இதுல இல்ல சார். பணக் கஷ்டம், போக்குவரத்து, குடும்பச் சூழ்நிலை, மருத்துவ அறிவுரையை மீறினது. இந்த நாலுதான் இருக்கு."

"புதுசா ஒண்ணு சேக்க முடியாதா?"

"முடியாது சார்."

"எதுவும் போடலன்னா?"

"போன் போயிட்டேதான் இருக்கும் சார், ஆராய்ச்சி முடியிற வரைக்கும்."

அந்த அம்மாள் சொம்பை வைத்துவிட்டு நிமிர்கிறதை நினைத்தேன். "அந்த நாலுல கடைசியா சொன்னியே, அதையே போட்டுரும்மா" என்றேன். விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. "தேங்க்ஸ் சார்" என்றாள்.

மறுநாள் காலையில் அந்த அம்மாளுக்கு போன் வரவில்லை. எனக்கு வந்தது.